கிணறுகளைத் தேசப்படத்திற் குறித்தல்
(கம்பியில்லா ஜி.பி.எஸ். வாங்கியை மடிக்கணினியுடன் இணைக்கும் முறை)

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமங்களுள் ஒன்றாகிய கீரியில் நிலம் மணற்பாங்கானது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை அங்கே ஆறாக ஓடுவதில்லை. மணலினூடே கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கிணற்றில் அள்ளப்படுவது இவ்வாறு மிதக்கும் நன்னீரேயாகும். நன்னீர் கடல்நீரிலும் சிறிது பாரங்குறைந்தது. ஆதலின் அது கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்குப் பரந்திருக்கும். ஒல்லாந்து நாட்டுப் பொறியியலாளராகிய பாடன் கைபன் என்பவரும், அவருக்குப்பின் 1901ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பேர்க் என்பவரும் கண்ட விதி இதுவாகும். இவ்விதியின் மறுபக்கமே கமக்காரர் கருத்திற் கொள்ளவேண்டியது. நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டி நன்னீர் மட்டத்தை நிலையாக ஓரடி தாழ்த்தினால், அடியிலுள்ள உவர் காலப்போக்கில் நாற்பதடி மேலேறும்.

ஒருவருடைய கிணறு உவர்த்தால் அது அவருக்கு மட்டுமே நேர்ந்த இழப்பு என்று எண்ணுதல் தவறு. வேலிகள் நிலத்தின் மேலேயுள்ளவை. நிலத்தின் கீழே நன்னீர்ப் படலம் ஒன்றே. எந்தக் கிணறு எங்கேயுள்ளது, கடலிலிருந்து எவ்வளவு தூரத்திலுள்ளது, எதன் நீர் எந்த மாதத்தில் உவர்த்தது என்பனவற்றை ஒரே தேசப்படத்திற் குறித்தாலன்றி, உவர் எப்பக்கத்திலிருந்து ஏறுகின்றது என்பதை அறிய இயலாது. மிளகாயும் வெங்காயமும் உவருக்கு விரைவில் வாடுவன. அவை வாடிய பின்னர் காரணத்தை ஆராய்வதிலும், முன்னரே படத்தைப் பார்த்து இறைப்பைக் குறைத்தல் நன்று.

இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் இன்று கிராமச் சங்கமொன்றினால் வாங்கக்கூடியவையே. உள்ளங்கையில் அடங்கும் கம்பியில்லா ஜி.பி.எஸ். வாங்கி ஒன்று, புளூடூத் வசதியுள்ள மடிக்கணினி ஒன்று, தேசப்பட மென்பொருள் ஒன்று ஆகிய மூன்றும் போதும். மென்பொருள்களுள் 'கியூஜிஐஎஸ்' என்பது 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தத்தக்கதாக விளங்குவது. கைத்தொலைபேசியிலும் இருப்பிடம் காணலாம் என்பது உண்மையே. ஆயினும் பல கிணறுகளின் விவரங்களைப் பெரிய திரையிற் பார்த்து, அட்டவணையாகச் சேர்த்து, ஆண்டுதோறும் ஒப்பிடுவதற்கு மடிக்கணினியே வசதியானது.

இணைக்கும் முறை

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகளின் சைகைகளை வாங்கி ஏற்று, தான் நிற்குமிடத்தைக் கணித்து, அக்கணிப்பைச் செக்கனுக்கு ஒரு தடவை எழுத்து வரிகளாக அனுப்புகின்றது. இடத்தையும் நேரத்தையும் ஒருங்கே அறிய நான்கு செய்மதிகளாவது தென்படல் வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாத வாங்கி, முதன்முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். ஆகையால் வீட்டினுள்ளே இருந்துகொண்டு கருவி பழுதென்று முடிவுசெய்யாது, வெளியிலே வானம் தெரியும் இடத்தில் அதனை வைத்துப் பொறுத்திருத்தல் வேண்டும்.

அடுத்து, கணினியின் புளூடூத் அமைப்பைத் திறந்து, புதிய கருவியைத் தேடுமாறு பணித்தல் வேண்டும். வாங்கியின் பெயர் தோன்றியதும் அதனைத் தெரிவுசெய்க. இரகசிய எண் கேட்கப்படின், பெரும்பாலான வாங்கிகளுக்கு 0000 அல்லது 1234 என்பது பொருந்தும். பொருந்தாவிடின் கருவியுடன் வந்த கையேட்டைப் பார்க்கவும். இவ்வளவில் இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொண்டனவேயன்றி, வரிகள் இன்னும் தேசப்படத்தை வந்தடையவில்லை. பலர் இவ்விடத்திலேயே வேலை முடிந்ததென்று கருதி ஏமாறுகின்றனர்.

வரிகள் வந்துசேரும் வாயிலுக்குத் 'தொடர்த்துறை' என்று பெயர். விண்டோஸ் கணினியில் இது 'கொம்' என்னும் பெயரும் ஓர் எண்ணும் கொண்டு வழங்கும். புளூடூத் வாங்கி ஒன்றுக்கு இத்தகைய துறைகள் இரண்டு தோன்றுவதுண்டு. ஒன்று 'வெளிச்செல்வது', மற்றையது 'உள்வருவது' எனக் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கியிலிருந்து செய்தி உள்ளே வருவதனால் உள்வருவதையே தெரிவுசெய்யத் தோன்றும். அது பிழை. இணைப்பைத் தொடங்குவது கணினியே ஆதலால், வெளிச்செல்லும் துறையையே தெரிவுசெய்தல் வேண்டும். பெயரிட்டவர் கமக்காரரின் மயக்கத்தைச் சிறிதும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

பின்னர் மென்பொருளில் 'ஜி.பி.எஸ். தகவல்' என்னும் பலகையைத் திறந்து, அத்துறையின் எண்ணைக் கொடுத்து இணைக்கவும். செய்தியின் வேகம் கேட்கப்படின் 4800 என்பது பழைய பொது வழக்கு; புளூடூத் வழியே வரும்போது இவ்வெண் பெரும்பாலும் தடையாகாது. ஒரு துறையை ஒரே வேளையில் ஒரு மென்பொருள் மட்டுமே திறக்கவியலும். வேறொரு மென்பொருள் அதனை முன்னரே பிடித்துக்கொண்டிருப்பின், கருவி நன்றாயிருந்தும் இணைப்புக் கிடையாது. வாங்கியைக் கணினியிலிருந்து பத்து மீற்றருக்கு அப்பாற் கொண்டுசெல்லலும் ஆகாது. மின்கலம் தளர்ந்தவிடத்தும் இணைப்பு அடிக்கடி அறும்.

எண்களைப் படித்தல்

இணைப்புக் கிடைத்தபின் தேசப்படத்தில் ஒரு புள்ளி தோன்றும். அப்புள்ளியைக் கண்டவுடன் மகிழ்ந்து குறித்துவிடாது, அது சரியான இடத்தில் விழுந்ததா என்று சோதித்தல் இன்றியமையாதது. இங்கே நேரும் பிழைகள் இருவகையின. பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். சிறிய பிழையோ உண்மைபோல் நின்று ஏமாற்றும்.

பெரிய பிழைக்கு உதாரணம் ஒன்று காட்டலாம். வாங்கி அனுப்பும் வரிகள் 'என்.எம்.ஈ.ஏ. 0183' என்னும் முறைப்படி அமைந்தவை. அவற்றுள் 'ஜி.ஜி.ஏ.' என்று தொடங்கும் வரியில் அகலக்கோடு 0859.4000 என்றும், நெடுங்கோடு 07953.4000 என்றும் வந்ததாகக் கொள்வோம். இவை கீரிப் பக்கத்து எண்களே. முதல் எண் 8 பாகை 59.4 கலை, இரண்டாவது 79 பாகை 53.4 கலை. அறுபது கலை ஒரு பாகையாதலால், பாகைக் கணக்கில் இவை 8.990 என்றும் 79.890 என்றும் ஆகும். இதனை அறியாத ஒருவர் புள்ளியை மட்டும் நகர்த்தி 8.594 என்றும் 79.534 என்றும் அட்டவணையில் எழுதிவிட்டால், கிணறு ஏறத்தாழ 59 கிலோமீற்றர் தென்மேற்கே, மன்னார்க் குடாக்கடலின் நடுவே போய்விழும். மென்பொருள் நேரே வாங்கியைப் படிக்கும்போது இப்பிழை நேராது. கையால் எழுதிச் சேர்க்கும்போதே நேரும். கடலிலே கிணறு கண்டவர் எவரும் தம் பிழையை உடனே உணர்வர்; ஆகையால் இதனாற் கேடில்லை.

சிறிய பிழை பழைய தேசப்படத்தினால் வருவது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலத் தேசப்படங்கள், நீர்கொழும்பையடுத்த கந்தவல என்னுமிடத்தை அடிப்படையாகக் கொண்டு, பூமியின் வடிவம் பற்றி எவரெஸ்ட் என்பவர் 1830ஆம் ஆண்டில் வகுத்த கணக்கின்படி வரையப்பட்டவை. செய்மதிகளோ 'டபிள்யூ.ஜி.எஸ். 84' எனப்படும் வேறொரு கணக்கைப் பின்பற்றுகின்றன. ஒரே கிணற்றுக்கு இரு கணக்குகளும் தரும் நெடுங்கோடுகள் ஒன்றல்ல. மன்னார்ப் பகுதியில் இவ்வேறுபாடு 200 மீற்றரிலும் அதிகமானது. பழைய படத்தின் ஓரத்திலுள்ள அகலக்கோடு நெடுங்கோடுகளைச் செய்மதிக் கணக்கென்று கொண்டு அப்படத்தைக் கணினியிற் பொருத்தினால், வாங்கி காட்டும் ஒவ்வொரு கிணறும் படத்தில் அதற்குரிய இடத்திலிருந்து கிழக்கே அவ்வளவு தூரம் தள்ளி விழும். ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் படத்தில் இது மூன்றரை மில்லிமீற்றரே. கண்ணுக்கு இது பெரிதன்று. ஆனால் எல்லாக் கிணறுகளும் ஒரே அளவு நகர்வதால் அவற்றுக்கிடையேயுள்ள தூரங்கள் சரியாகவே தோன்றும். கடலுக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட தூரம் மாத்திரம் பொய்யாகும். உவரைத் தேடி வரைந்த படத்திற்கு இதனிலும் கொடிய பிழை வேறில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. படத்தைப் பொருத்தும்போது 'எந்தக் கணக்கு' என மென்பொருள் கேட்கும். கந்தவலக் கணக்கிலமைந்த இலங்கைக் கட்டத்துக்கு 5234 என்றும், 1999ஆம் ஆண்டின் புதிய இலங்கைக் கட்டத்துக்கு 5235 என்றும், செய்மதி தரும் பாகைக் கணக்குக்கு 4326 என்றும் குறியெண்கள் உள. படத்தின் அடிக்குறிப்பைப் படித்து உரிய எண்ணைக் கொடுத்தால், மாற்றத்தை மென்பொருள் தானே செய்துகொள்ளும். இரு கட்டங்களுக்கும் பிதுருதலாகலை மலையே தொடக்கம். ஆயினும் அம்மலைக்குப் பழைய கட்டம் இரு திசையிலும் 200,000 மீற்றர் என்றும், புதியது 500,000 மீற்றர் என்றும் எண் கொடுக்கின்றது. இவற்றை மாற்றிக் கொடுத்தால் கீரி முந்நூறு கிலோமீற்றர் கிழக்கேயோ மேற்கேயோ, வடக்கேயோ தெற்கேயோ பறந்துவிடும். இதுவும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் பெரிய பிழை வகையைச் சேர்ந்ததே.

சோதிப்பதற்கு, கிணறுகளைக் குறிக்குமுன் நன்கு தெரிந்த ஓரிடத்துக்குக் கருவிகளைக் கொண்டுசெல்லல் வேண்டும். சந்தியொன்றோ, போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டிற் கட்டிய மன்னார்க் கோட்டையின் மதில் மூலையொன்றோ இதற்கு ஏற்றது. செய்மதிப் புகைப்படத்திற் காணும் காற்றாலைக் கோபுரங்கள் தூரத்திலிருந்தே தெரிவன. ஆயினும் புகைப்படத்தில் உயர்ந்த பொருள்கள் ஒருபுறஞ் சாய்ந்து தோன்றுவதால், தரையோடு படிந்த பொருளையே தெரிந்தெடுத்தல் நன்று. புள்ளி அங்கே ஐந்தாறு மீற்றருக்குள் விழுமாயின் அமைப்புச் சரியெனக் கொள்ளலாம். இருநூறு மீற்றர் விலகுமாயின் பழுது வாங்கியில் இல்லை, படத்தின் கணக்கிலேயே உள்ளது.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களின் வாங்கிகளுக்கு வரும் சைகையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. அக்காலத்தில் நூறு மீற்றர் வரை பிழை நேர்ந்தது. அக்குழப்பம் நீக்கப்பட்டபின் திறந்த வெளியிற் சில மீற்றருக்குள் இடத்தை அறிய முடிகின்றது. எனினும் இச்சில மீற்றரை வைத்துக்கொண்டு வேலித் தகராற்றைத் தீர்க்க முற்படுதல் அடாது. காணியின் எல்லையைக் காட்ட உரிமம் பெற்ற நில அளவையாளரே வேண்டும். கிணற்றுப் படத்தை எவரேனும் எல்லைச் சான்றாக நீட்டினால், சங்கம் அதனை ஏற்காதிருத்தல் ஊரின் அமைதிக்கு நல்லது.

உயரம் பற்றிய எச்சரிக்கை

வாங்கி இடத்தை மட்டுமன்றி உயரத்தையும் காட்டுகின்றது. இதைக் கொண்டு கிணற்று நீர் கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்கின்றது என்று கணித்துவிடலாமே என ஆசை தோன்றுவது இயல்பு. அவ்வாசைக்கு இடங்கொடுத்தல் ஆகாது. செய்மதிக் கணக்கு பூமியை ஒழுங்கான முட்டை வடிவமாகக் கொள்கின்றது. உண்மையான கடல்மட்டமோ இலங்கையைச் சூழ அம்முட்டையின் மேற்பரப்புக்கு 90 மீற்றரிலும் அதிகமாகத் தாழ்ந்துள்ளது. உலகிலேயே மிகத் தாழ்ந்த பள்ளம் இந்து சமுத்திரத்தின் இப்பகுதியில் உள்ளமையே காரணம். ஆகையால் திருத்தமில்லாத வாங்கியொன்று கீரியில் நிற்பவரைக் கடலுக்கடியிலே தொண்ணூறு மீற்றர் ஆழத்தில் நிற்பதாகக் காட்டும். 'ஜி.ஜி.ஏ.' வரியின் இறுதிப் பகுதியில் இவ்வேறுபாடு தனியெண்ணாக வருவதுண்டு. பல வாங்கிகள் அதனைத் தாமே கழித்துவிடுகின்றன.

கழித்த பின்னரும் உயரத்திற் சில மீற்றர் பிழை எஞ்சும். இடத்திற் சில மீற்றர் பிழையைப் பொறுக்கலாம். உயரத்தில் அதனைப் பொறுக்கவியலாது. ஏனெனில் நீர்மட்டத்தில் ஓரடி தவறினால், மேலே கூறிய விதிப்படி நன்னீரின் ஆழத்தில் நாற்பதடி தவறும். மூன்றடி தவறினால் இல்லாத நன்னீரை 120 அடி இருப்பதாக நம்பி இயந்திரம் பூட்ட நேரும். நீர்மட்டத்தின் உயரத்தை, நில அளவைத் திணைக்களத்தின் மட்டக் குறியொன்றிலிருந்து மட்டக் கருவி கொண்டு அளந்து பெறுதலே முறை. வசதியில்லாவிடின், கிணற்றுக் கட்டின் விளிம்பில் அழியாத குறியொன்றை இட்டு, அதிலிருந்து நீர் எத்தனை அடி கீழே உள்ளது என்பதை நாடாவினால் அளந்து எழுதிவருதல் போதும். உயரம் தெரியாவிடினும், ஏற்றத் தாழ்வு தெரியும்.

களத்தில் வாங்கியைக் கிணற்றுக் கட்டின்மேல் வானம் தெரிய வைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, புள்ளி அலையாது நிற்கும்போது குறிக்கவும். பனைமர நிழலிலும் தகரக் கூரையருகிலும் புள்ளி சற்று அலையும். புள்ளியோடு கிணற்றின் எண், நாள், நீரின் ஆழம், மின்கடத்துதிறன் மானி காட்டும் அளவு, அன்று இயந்திரம் இறைத்ததா என்னும் விவரம் ஆகியவற்றையும் சேர்த்தல் வேண்டும். வாங்கி தரும் நேரம் இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. அதில் காலை 6.30 எனின் இங்கே நண்பகல். இதனை மறந்து, இறைத்து முடிந்த வேளையில் எடுத்த அளவை விடியற்கால அளவாக எழுதிவிடுவோர் உளர்.

முதலளவை மழைக்கு முன், புரட்டாதியில், நீர் மிகத் தாழ்ந்துள்ளபோது எடுக்கவும். மறுவளவைத் தை மாதத்தில், மழை ஓய்ந்தபின் எடுக்கவும். இரண்டையும் ஒரே படத்தில் வெவ்வேறு நிறத்திற் காட்டி, தையிலும் உவர் நீங்காத கிணறுகளைத் தனியே வட்டமிட்டு, விவசாயப் போதனாசிரியரிடம் காண்பிக்கவும். அவ்வட்டத்துக்கு அண்மையிலுள்ள இயந்திரங்களை எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதை அடுத்த போகத்துக்கு நாற்று விடுமுன்னரே சங்கம் கூடித் தீர்மானித்தல் வேண்டும்.