வந்தவர் என்ன தேடினார்?

இணையதளம் வைத்திருக்கும் அலுவலகங்களில் ஒரு வாக்குவாதம் அடிக்கடி நடக்கும். வருகிறவர்களைக் கணக்கெடுக்க ஒரு நல்ல மென்பொருள் வேண்டும் என்பார் தளத்தைக் கவனித்துக்கொள்பவர். அதற்கு இப்போது என்ன அவசரம் என்பார் நிர்வாகி. அந்த நேரத்திலும் கணக்கெடுப்பு நடந்துகொண்டுதான் இருக்கும்.

யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால் சர்வர் தன் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து கேட்டார்கள், எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பை, கொடுக்க முடிந்ததா, எத்தனை பைட். 200 என்றிருந்தால் கொடுத்தாயிற்று. 404 என்றிருந்தால் கேட்ட பொருள் அங்கே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த பிரவுசர் என்பதும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். இந்த வரிகளைப் படித்துக் கூட்டிச் சொல்ல, ஸ்டீபன் டர்னர் எழுதிய 'அனலாக்' என்ற இலவச மென்பொருள் 1995இலேயே வந்துவிட்டது.

ஆனால் எதைக் கூட்டுவது? அந்த நாட்களில் எல்லோரும் பெருமையாகச் சொன்ன எண் 'ஹிட்'. ஒரு பக்கத்தில் 20 படங்கள் இருந்தால் பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்கு 20, ஆக ஒரே ஆள் வந்ததற்கு 21 ஹிட். பந்தியில் இலைகளை எண்ணாமல், இலையில் வைத்த பொரியல் கூட்டு அப்பளத்தையெல்லாம் எண்ணி, இத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்வது போன்றது அது. போதாததற்கு, தேடுபொறிகள் அனுப்பும் ரோபோக்களும் அந்தக் கணக்கில் உண்டு. இன்னொரு பக்கம், உண்மையாக வந்தவர் விடுபட்டும் போவார். பிரவுசர் தான் சேமித்து வைத்திருக்கும் பிரதியைக் காட்டிவிட்டால் சர்வருக்குத் தகவலே போகாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில், ஒரே ஒரு புள்ளி அளவில், நிறமற்ற ஒரு படத்தை வைத்தார்கள். யாரும் பார்ப்பதற்கான படம் அல்ல அது. அதைக் கொடு என்று பிரவுசர் கேட்பதுதான் செய்தி. கேட்ட கணமே வேறெங்கோ இருக்கும் ஒரு சர்வரில் வருகை பதிவாகிவிடும். பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் சேர்ந்தது. திரையின் அளவு, சொடுக்கிய பொத்தான் எல்லாம் அதே வழியில் போயின. முன்பு வந்தவர்தானா என்று அறிய, பிரவுசரில் சேமித்து வைக்கும் 'குக்கீ' என்ற சிறு குறிப்பு இருந்தது. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி உருவாக்கியது. அது ஆளை அறியாது, பிரவுசரை மட்டுமே அறியும். காலையில் கைப்பேசியிலும் மதியம் அலுவலகக் கணினியிலும் பார்ப்பவர் அதற்கு இரண்டு பேர். ஒரே கணினியைப் பகிரும் குடும்பம் முழுவதும் ஒருவர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விநோதம், நேரக் கணக்கு. ஒருவர் பத்து மணிக்கு முதல் பக்கத்துக்கு வருகிறார். 10.03க்கு இரண்டாவது பக்கம் போகிறார். அதை இருபது நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு மூடுகிறார். பழைய முறைக் கருவிகள் அவர் தளத்தில் இருந்தது மூன்று நிமிடம் என்றுதான் சொல்லும். ஒரு கோரிக்கைக்கும் அடுத்த கோரிக்கைக்கும் உள்ள இடைவெளிதான் அவற்றுக்கு நேரம். கடைசிப் பக்கத்துக்கு அடுத்தது இல்லை, ஆகவே பூஜ்யம். ஒரே பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டுத் திருப்தியோடு போனவர், வந்த வேகத்தில் ஓடியவராகப் பதிவாவார். இப்போதைய கருவிகள் சில, பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தைத் தனியே எண்ணி அனுப்பி இந்தக் குறையைச் சமாளிக்கின்றன.

எந்தக் கருவி என்பதற்கு ஒரு காலத்தில் விலைதான் தடை. இத்தகைய கருவியை உருவாக்கிய அர்ச்சின் நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கி, அந்த ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸை இலவசமாகத் திறந்தது. கூட்டம் தாங்காமல் புதியவர்களைச் சேர்ப்பதைச் சில காலம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. இலவசம் என்றான பிறகு, தகவல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வந்தது. தரவு அமெரிக்காவுக்குப் போகிறது என்ற காரணத்தால், ஒரு தளம் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்தியது ஐரோப்பிய சட்டத்துக்கு முரண் என்று ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முடிவு 2022 ஜனவரியில் வெளியானது. அடுத்த மாதமே பிரான்சும் அப்படிச் சொன்னது. 2023 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே புதிய ஏற்பாடு வந்து நிலைமை மாறியது. தன் சர்வரிலேயே எல்லாம் இருக்கட்டும் என்பவர்களுக்கு, முன்பு பிவிக் என்றிருந்த மட்டோமோ உண்டு. தரவு எங்கே இருக்கும் என்பதுதான் சட்ட ஆலோசகர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும் என்பதால், நிர்வாகியிடம் பதிலோடு போவது நல்லது.

வசதிகளின் பட்டியலைக் காட்டி எந்த நிர்வாகியையும் அசைக்க முடியாது, சோதித்துப் பார்த்த எண்கள்தான் அசைக்கும் என்பது என் எண்ணம். அமேசானின் ஆரம்ப நாட்களில் கிரெக் லிண்டன் என்ற பொறியாளர், கூடையில் போட்ட பொருளுக்கு ஏற்ப வேறு பொருள்களையும் பரிந்துரைக்கலாம் என்றார். பணம் கட்டப் போகிறவரின் கவனம் சிதறும் என்று மூத்த துணைத் தலைவர் ஒருவர் எதிர்த்தார். அந்த வேலையைத் தொடரக் கூடாது என்றும் உத்தரவாயிற்று. லிண்டன் அதைச் சோதனையாக ஓடவிட்டார். லாபம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்ததென்றால், அதைச் செயல்படுத்தாமல் இருப்பதுதான் நஷ்டம் என்றாகிவிட்டது. 2007இல் ஒபாமாவின் பிரசாரத் தளத்திலும் இதே கதை. நான்கு பொத்தான்கள், படங்களும் வீடியோக்களுமாக ஆறு, ஆக 24 சேர்க்கைகளைச் சோதித்தார்கள். குழுவினருக்குப் பிடித்தது ஒரு வீடியோ. வீடியோக்கள் எல்லாமே புகைப்படங்களிடம் தோற்றன. குடும்பப் படமும் 'மேலும் அறிக' என்ற பொத்தானும் சேர்ந்த பக்கத்தில், பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தார்கள்.

அடுத்தவர் ஊர்க் கதை ஒரு எல்லை வரைதான் எடுபடும். சொந்தத் தளத்தில் தேடல் பெட்டி இருந்தால் வேறொன்றும் செய்யலாம். பல தளங்களில், பெட்டியில் தட்டிய சொல் அப்படியே பக்க முகவரியில் ஏறி லாக் கோப்பில் விழுந்துவிடும். ஒரு மாத வரிகளிலிருந்து அந்தச் சொற்களை மட்டும் பிரித்து, அதிகம் தேடியவற்றை மேலே வைத்து அடுக்குங்கள். கூட்டத்தில் நிர்வாகியின் கணினியிலேயே முதல் பத்துச் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றுக்கு ஒன்றுமே வராது. தேடியவர்கள் பிறகு எங்கே போனார்கள், மறுநாள் திரும்பி வந்தார்களா, வாங்கினார்களா என்று அவரே கேட்பார். அந்தக் கேள்விகளுக்கு லாக் கோப்பால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடியும். கருவியின் பேச்சை அப்போது எடுத்தால் போதும்.