மண்ணுள் மறைந்த வெள்ளிக் காசு

ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் பத்துச் சத நாணயத்துக்கு ‘டைம்’ என்று பெயர். 1964 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற டைம் ஒன்றையும் 1965 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற டைம் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அளவு ஒன்றே. ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் முகமும் ஒன்றே. ஆயினும் முன்னையதில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. பின்னையதில் வெள்ளி அணுவளவும் இல்லை. வெள்ளி தட்டுப்படவே, 1965 இல் இயற்றப்பட்ட நாணயச் சட்டம் டைமிலும் கால் டொலரிலும் அவ்வுலோகத்தை ஒழித்து, செம்பின்மேல் செம்பு நிக்கற் கலவையைப் போர்த்திவிட்டது. புழக்கத்திலிருந்த வெள்ளிக் காசுகளை மக்கள் பொறுக்கியெடுத்துப் பூட்டிவைத்தனர். அவர்கள் கைக்கு எட்டாதவை, முன்னரே தவறி விழுந்து மண்ணுள் மறைந்தவைதாம்.

அவற்றைத் தேடுவது அந்நாட்டில் ஒரு பொழுதுபோக்கு. உலோகங்காட்டும் கருவியைக் கையில் ஏந்தி, ஊர்ப் பூங்காக்களில் நாள் முழுவதும் நடப்பவர் பலர். ஒலி கேட்ட இடமெல்லாம் தோண்டினால் என்ன? மாலையில் பை நிறையும். ஆனால் நிறைவது பேணி வளையத்தால்! வெள்ளி நாணயம் மறையத் தொடங்கிய அதே காலத்தில்தான், ஒஹாயோவைச் சேர்ந்த ஏர்மல் பிரேஸ் என்பவர் ஆக்கிய இழுவளையம் கடைகளுக்கு வந்தது. பானம் அருந்துவோர் அந்த அலுமினிய வளையத்தை இழுத்தெடுத்து, நின்ற இடத்திலேயே எறிந்தனர். பேணியோடு ஒட்டியே நிற்கும் புதுவகை 1975 இல் வந்தது. அதற்குள் பூங்காக்களும் கடற்கரைகளும் வளையங்களால் நிறைந்துவிட்டன.

எனவே தேர்ந்து தோண்டுதல் அவசியமாயிற்று. இதற்குத் துணைசெய்வது பௌதிகவியலே. கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருள், மாறுகின்ற காந்தப்புலத்தை மண்ணுள் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருப்பின் அதனுள் சுழல் மின்னோட்டம் பிறந்து, தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பது பொருளின் கடத்துதிறனையும் பருமனையும் பொறுத்தது. உலோகங்களுள் மின்னை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆகவே வெள்ளிக் காசின்மேல் கருவி உயர்ந்த சுரத்தில் ஒலிக்கும். ஆணிக்குத் தாழ்ந்த சுரம். அலுமினிய வளையத்துக்கு இடைப்பட்ட சுரம்.

உயர்ந்த சுரத்தை மட்டும் தோண்டினால் போதுமே எனலாம். போதாது. வெள்ளி டைமும், புதிய டைமும், 1982 இற்கு முற்பட்ட செப்புச் சதமும் ஏறத்தாழ ஒரே சுரத்தில் ஒலிப்பவை. இங்கே ஆழம் கைகொடுக்கும். நிலத்தில் கிடக்கும் பொருள்கள்மேல் மண்புழுக்கள் சிறிது சிறிதாக மண்ணைக் கொணர்ந்து மூடுவதை டார்வின் 1881 இல் தம் நூலில் விளக்கினார். பழங்காசு பெரும்பாலும் கீழே இருக்கும். அதன் ஒலி மெலிந்திருக்கும், ஆயினும் தெளிவாயிருக்கும். துருவேறிய இரும்பும் சில வேளை உயர்ந்த சுரத்தில் ஒலித்து ஏமாற்றும். அனுபவசாலி உடனே தோண்டமாட்டார். அவ்விடத்தைச் சுற்றிவந்து, குறுக்காகவும் ஒருமுறை வீசிப் பார்ப்பார். வட்டக் காசு எத்திசையிலும் ஒன்றுபோல ஒலிக்கும். இரும்பின் ஒலியோ திசை மாறியதும் உடைந்துபோகும்.

இந்தச் சிக்கனத்துக்கு விலையும் உண்டு. பொன் மோதிரம் பெரும்பாலும் பேணி வளையத்தின் சுரத்திலேயே ஒலிக்கும். போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, 35 பங்கு வெள்ளி கலந்து வெளியான ஐந்து சதக் காசும் டைமின் சுரத்துக்கு உயர்வதில்லை. வெள்ளியை மட்டும் நாடுபவர் இவற்றின்மேல் நடந்து போய்விடுகிறார். மேலும், குப்பைக்கு அடியிற் கிடக்கும் வெள்ளியின் குரல் மேலே கேட்பதேயில்லை. ஆதலாற் சிலர் சிறியதொரு துண்டு நிலத்தைத் தெரிந்து, வளையம், ஆணி அனைத்தையும் அகற்றிவிட்டு, மழை பெய்து மண் நனைந்தபின் அதே இடத்தை மீண்டும் தேடுகின்றனர். என் எண்ணத்தில் இதுவே சிறந்த வழி. ஆனால் பொறுமை வேண்டும். கட்டடம் எழும்பவிருக்கும் வெறுங்காணியில், உரியவர் இசைந்தால், எல்லாவற்றையும் தோண்டிவிடலாம். பூங்காப் புற்றரையிலோ குழி குறைவதே நல்லது. புல்லை வேரோடு மூன்று பக்கம் வெட்டி மடித்து, மண்ணைத் துணியில் கொட்டி, வேலை முடிந்ததும் பழையபடி மூடிவிடுவர். மூடாத குழிகள் பெருகினால் நகரசபை அனுமதியை நிறுத்திவிடும். அந்நாட்டின் தேசியப் பூங்காக்களில் இக்கருவியைப் பயன்படுத்துவதே குற்றம்.

நம் மாணவர் எவரேனும் இக்கருவியுடன் பழைய இடங்களைத் தேடிப் புறப்படுவதாயின், முதலிற் சட்டத்தை அறிந்துகொள்ளட்டும். தொல்பொருள் தேடி நிலத்தைத் தோண்டுவதற்கு 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

நம் வடபகுதியில் இக்கருவியை ஏந்தியோர் வேறொரு கூட்டத்தார். முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்ற இறங்கிய ஆண்களும் பெண்களும் கேட்டதும் இதே ஒலிதான். ஆனால் சுரம் பார்த்து விட்டுச் செல்ல அவர்களுக்கு இடமில்லை. ஆணியானாலும் மீன்பேணித் துண்டானாலும், ஒலித்த ஒவ்வொன்றையும் முழந்தாளிட்டு, மெல்ல மெல்ல மண்ணை விலக்கிப் பார்த்த பின்பே அடுத்த அடி வைத்தனர்.