உங்களுக்குத் தெரியுமா? இடம் மாறிய குரோமோசோம் துண்டு

ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கே வருவது நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். இது பரம்பரை நோயல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. எலும்பு மஜ்ஜையின் ஒரே ஒரு ஸ்டெம் செல்லில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் முறிந்து, தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில் தொடங்குகிறது.

குட்டையாகிப்போன 22-ஆம் குரோமோசோமை 1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்ட் இருவரும் கண்டார்கள். துண்டு இடம் மாறியதை 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி விளக்கினார். அப்படி ஒட்டிப் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் மரபணு ஓயாமல் இயங்கும் ஒரு நொதியை உருவாக்கி, வெள்ளணுக்களைப் பெருக்குகிறது.

இதனால் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்தாற்போல் கனக்கும். நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் இதை வேலையால் வந்த தொந்தரவு என்று ஒதுக்கிவிடக்கூடும். ஆனால், சாதாரண ரத்தப் பரிசோதனையே முதல் துப்புக் கொடுத்துவிடும்: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 11,000-ஐத் தாண்டக்கூடாத வெள்ளணு எண்ணிக்கை பலருக்கு லட்சத்தையும் தாண்டியிருக்கும்.

மேலைநாடுகளில் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் தெரியவரும் இந்நோய், இந்தியாவில் முப்பது, நாற்பதுகளிலேயே தெரியவருகிறது. குடும்பத்தைத் தாங்கும் வயது அது.

வெள்ளணுக்களைப் பெருக்கும் அந்த நொதியை அடக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதிசெய்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்த மருந்துக்கு, இந்திய நிறுவனங்களின் மாற்று சுமார் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது; மருத்துவர் சொன்னால் மட்டுமே நிறுத்தலாம்.