நேசமணி கேட்ட ஒன்பது தாலுகா

ஒரு மாநிலத்திலிருந்து பிரிந்து இன்னொன்றில் சேர நாடாளுமன்றத்தில் வாதாடினார் ஒற்றை எம்.பி. தெற்கே வென்றார், மலையில் தோற்றார். அந்தத் தோல்வியின் பாக்கி தேயிலைக் காட்டில் இன்னும் தீரவில்லை.

போடிமெட்டு செக்போஸ்ட்டில் விடிவதற்கு முன்பே சந்தடி தொடங்கிவிடுகிறது. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவரும் ஜீப்புகளில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். தடுப்புக் கம்பியைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது. பேச்சு மட்டும் மாறுவதில்லை. பூப்பாறையிலும் மூணாறிலும் தமிழிலேயே டீ கேட்கலாம், தமிழிலேயே மீதிச் சில்லறையும் கேட்கலாம். வடக்கே பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும் இதே கதைதான்.

பேச்சு ஒரு பக்கம், எல்லை ஒரு பக்கம் என்று ஆனது எப்படி? பதில் 1955-56-ல் டெல்லியில் நடந்த விவாதத்தில் இருக்கிறது. நாட்டைவிட்டு அல்ல, ஒரு மாநிலத்தைவிட்டுப் பிரிந்து இன்னொரு மாநிலத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை அது. அதை லோக்சபாவுக்குக் கொண்டுபோனவர் நாகர்கோவில் வக்கீல் ஏ. நேசமணி. தொண்டர்களுக்கு அவர் 'மார்ஷல்'.

1895-ல் பிறந்த நேசமணியின் அரசியல் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் தொடங்கியது. அங்கே வக்கீல்கள் அறையில் மேல்சாதியினருக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. தண்ணீர்ப் பானையும் தனித்தனி. முக்காலியை உதைத்துத் தள்ளி, எல்லோருக்கும் நாற்காலி, எல்லோருக்கும் ஒரே பானை என்று ஆக்கியவர் நேசமணி என்று குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள். பின்னாளில் மேடையில் அவருக்குத் திரண்ட கூட்டத்தின் ரகசியம் இதில்தான் இருந்தது. மொழி என்ற கோஷத்துக்கு அடியில், தன் ஊரில் தன்னை உட்காரவிடாத ஆட்சி மீதான கோபம் கனன்றுகொண்டிருந்தது.

1945-ல் நாகர்கோவிலில் பிறந்த அமைப்புதான் பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1947-ல் அதில் சேர்ந்த நேசமணி விரைவிலேயே அதன் முகமானார். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தன. புதிய மாநிலத்திலிருந்து ஒன்பது தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்றது கட்சி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். கடைசியில் வரும் சித்தூர், பழைய கொச்சி சமஸ்தானத்தின் கிழக்குக் கோடி. இன்றைய பாலக்காடு மாவட்டம்.

லோக்சபாவின் முதல் தேர்தலில் இந்தக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். அது நாகர்கோவில், எம்.பி. நேசமணி. கட்சியின் பலம் டெல்லியில் இல்லை, திருவனந்தபுரத்தில் இருந்தது. 1954-ல் நடந்த திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைத் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. 19 இடங்களே பெற்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரஸ் தயவில் முதல் மந்திரியானார். தமிழ்நாடு காங்கிரசுக்கு 12 இடம். ஊசலாடும் சபையில் 12 ஓட்டு என்பது சாதாரணமல்ல.

அந்த ஆண்டு போராட்டம் மலையேறியது. ஜூலையில் தடையை மீறி மூணாறுக்குப் போன நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. உயிர்கள் போயின. சொந்தக் கட்சியின் ஆட்சியே ராஜினாமா செய்ய வேண்டும் என்று ராம் மனோகர் லோகியா கேட்டார். பட்டம் மறுத்தார். அந்தச் சண்டை வளர்ந்து அகில இந்தியக் கட்சியையே பிளந்தது. 1955 பிப்ரவரியில் பட்டம் மந்திரிசபை கவிழ்ந்தபோது தமிழ்நாடு காங்கிரஸ் எதிர் வரிசையில் நின்றது. நாட்டின் தென்கோடியில் நான்கைந்து தாலுகாக்களில் மட்டும் வேரூன்றிய கட்சி, ஒரு தேசியக் கட்சியை உலுக்கிவிட்டது.

இதற்கிடையில் மாநிலங்களைத் திருத்தி அமைக்க பசல் அலி தலைமையில் மத்திய அரசு கமிஷன் அமைத்திருந்தது. எச்.என். குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் மற்ற இரு உறுப்பினர்கள். 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை வந்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே. பணிக்கர் மலையாளி என்பதால்தான் இப்படி என்ற குற்றச்சாட்டு அன்று தமிழ் மேடைகளில் எழுந்தது. எல்லையோரத்தில் இன்றும் அது சாகவில்லை. ஆனால் கமிஷன் சொன்ன காரணம் வேறு. மலைத் தாலுகாக்கள் பொருளாதார ரீதியில் திருவிதாங்கூர்-கொச்சிக்கு இன்றியமையாதவை என்றது.

அது வெறும் சாக்கும் அல்ல. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940-ல் தொடங்கியது தேவிகுளம் தாலுகாவில்தான். தேயிலையும் ஏலமும் அரசு கஜானாவை நிரப்பின. நெருக்கடியான ஜனத்தொகையும் நெல் பற்றாக்குறையும் கொண்ட மாநிலத்துக்கு, விரிந்து கிடந்த ஒரே நிலம் மலை. பட்டம் ஆட்சிக் காலத்தில் மலையாள விவசாயிகளுக்கு நிலம் கொடுத்து மேட்டு நிலங்களில் குடியேற்றும் திட்டம் தொடங்கியது. நெடுங்கண்டம் பக்கம் 'பட்டம் காலனி' என்ற பெயரில் அது இன்னும் வாழ்கிறது. நிலமில்லாத மலையாளிக்கு அது பிழைக்க வழி. தமிழர் கண்ணுக்கு அது ஜனத்தொகைக் கணக்கை மாற்றும் வேலை. இரண்டிலும் உண்மை இருந்தது.

டிசம்பரில் லோக்சபா அறிக்கையை விவாதித்தது. நேசமணி தேவிகுளம், பீர்மேட்டுக்காக வாதாடினார். தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்பதை யாரும் மறுக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் நிலையான குடிகள் அல்லர், இன்று வந்து நாளை போகிறவர்கள் என்பதுதான் கேரளத் தரப்பின் பதில். மறையூர், காந்தளூர், வட்டவடை போன்ற அஞ்சுநாட்டுக் கிராமங்களில் தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் பேசும் குடியானவர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். ஆனால் எண்ணிக்கையில் பெரியது எஸ்டேட் லயம். லயத்தில் குடியிருப்பவனுக்கு வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது. அவன் கையில் பட்டா இல்லை.

சட்டமும் நேசமணிக்குச் சாதகமாக இல்லை. அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி மாநில எல்லையை மாற்ற நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும். சம்பந்தப்பட்ட சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும், சம்மதம் தேவையில்லை. கருத்துச் சொல்லக் கெடு விதிக்க வழிசெய்யும் திருத்தமும் அதே டிசம்பரில் நிறைவேறியது. மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்த எந்த ஏற்பாடும் கிடையாது. திருவிதாங்கூர்-கொச்சியில் 1956 மார்ச்சில் ஜனாதிபதி ஆட்சி வந்துவிட்டது. 12 ஓட்டைக் காட்டி மிரட்டச் சட்டசபையே இல்லை. உள்துறை மந்திரி கோவிந்த் வல்லப் பந்த் நடத்திச் சென்ற மசோதா ஆகஸ்டில் சட்டமானது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையில் ஒரு பகுதி திருநெல்வேலிக்கு வந்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் நான்கும் கேரளத்தில் நின்றன.

சென்னையில் எல்லைகளுக்காக ம.பொ. சிவஞானம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் மந்திரி காமராஜ் டெல்லியோடு மோதவில்லை. "குளமாவது மேடாவது" என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் எல்லையோரத்தில் இன்றும் உலவுகிறது. மலைத் தமிழரின் மனக்குறை அதில் தெரிகிறது. அதே காமராஜ், நேசமணி 1968-ல் காலமான பிறகு, 1969 இடைத்தேர்தலில் அவரது நாகர்கோவில் தொகுதியில் நின்றே லோக்சபாவுக்குப் போனார்.

பிரிவினை பற்றி நாடாளுமன்றத்தை அதிரவைத்த தமிழர் என்றால் பலருக்கும் அண்ணாதுரைதான் நினைவுக்கு வருவார். 1962 மே 1-ல் ராஜ்யசபாவில் திராவிட நாட்டுக்கு அவர் சுயநிர்ணய உரிமை கேட்டார். 1963-ல் பிரிவினைப் பேச்சுக்கு எதிரான 16-வது திருத்தம் வந்தது, தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. நேசமணி கேட்டது அத்தனை பெரிதல்ல. அதனால்தான் பாதியாவது கிடைத்தது.

கடல் கடந்த உதாரணம் ஒன்றும் உண்டு. ஐரோப்பிய யூனியனைவிட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த நைஜல் பராஜ், 2024 வரை பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு ஏழு முறை போட்டியிட்டு ஏழு முறையும் தோற்றவர். ஆனாலும் அவர் கட்சி பிரிக்கும் ஓட்டுகளைக் கண்டு பயந்த ஆளுங்கட்சி, 2016 ஜூன் 23-ல் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியது. 51.9 சதவீதம் பேர் வெளியேறு என்றனர். சபைக்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பது முக்கியமல்ல, அவருக்குப் பின்னால் உள்ள ஓட்டை ஆளுங்கட்சி எண்ணுகிறதா என்பதே முக்கியம். நேசமணிக்கு குமரியில் அந்த ஓட்டு இருந்தது. நிலமும் பனையும் வீடும் உள்ளவர்களின் ஓட்டு. மலையில் இருந்தவர்களையோ எண்ணியும் எண்ணாமல் விட்டார்கள்.

ஆனால் அவர்கள் போய்விடவில்லை. கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் ஆட்சியின்போது, 1958-ல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் ஜெயிக்க, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் தமிழில் பாடி ஓட்டுக் கேட்டார். மலைத் தமிழன் மாநிலம் மாறவில்லை, யூனியன் கொடியைப் பிடித்தான். 1969-ன் ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் கேரள அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்றது. 2011-ல் முல்லைப்பெரியாறு தகராறு முற்றியபோது பழைய கோரிக்கை மறுபடி தலைகாட்டி அடங்கியது. 2015-ல் மூணாறு தேயிலைப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு யூனியன்களையும் ஒதுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள், பெற்றார்கள். அவர்கள் கேட்டது எல்லையை அல்ல, கூலியை.

சித்தூரில் கதை சற்று வேறு. அங்கே தமிழருக்கு நிலம் உண்டு. அவர்களின் கவலை தண்ணீர். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வந்து சேர்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால், தமிழ்நாட்டைத் திட்டுவது தமிழ் பேசும் விவசாயிதான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களோடு 70 உயிர்கள் போயின. பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்த குடும்பங்கள். அவர்களைப் புதைத்ததும் அந்த மண்ணில்தான்.

அடுத்த ஆண்டு தேவிகுளத்தில் ஜெயித்த ஏ. ராஜா கேரள சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். வாசகத்தின் மொழிபெயர்ப்பில் சில சொற்கள் விடுபட்டிருந்ததால் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. அதையும் தமிழிலேயே எடுத்தார்.

லயத்தில் நிலைமை மாறவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தமிழ்நாட்டு ஊரில் வீடு இல்லை, கேரளத்தில் நிலம் இல்லை. 1955-ல் 'நிலையான குடிகள் அல்லர்' என்று சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், நிலையாக இருக்க மூன்று சென்ட் நிலம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் எழுதலாம். சட்டம் அனுமதிக்கிறது.