பசிபிக் சிப்பியின் ஆற்றல் சமநிலையும் இனப்பெருக்கமும்

பசிபிக் சிப்பி உலகில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் உணவுச் சிப்பிகளுள் ஒன்று. வடகிழக்கு ஆசியக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட இது இன்று பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் வளர்க்கப்படுகிறது. கடலில் வளரும் சிப்பிக்கு யாரும் தீவனம் இடுவதில்லை. அது கடல்நீரைச் செவுள்களால் வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்பாசிகளை உண்கிறது. நீரின் வெப்பநிலையே அதன் உடல் வெப்பநிலை. எனவே, பண்ணையாளருக்குச் சதை கிடைக்குமா, சிப்பி முட்டையிட்டு மெலியுமா என்பதை உணவும் வெப்பமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

வரவும் செலவும்

உண்ட உணவிலிருந்து உடல் உறிஞ்சும் ஆற்றலை வரவு எனலாம். சுவாசத்திலும் கழிவு நீக்கத்திலும் போவது செலவு. மீதமுள்ள ஆற்றலைக் கொண்டே சதை, ஓடு, இனச்செல்கள் ஆகியவை உருவாகின்றன. நீர் சூடாகும்போது வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் வரை கூடி, பின்னர் குறைகிறது. சுவாசச் செலவோ அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போகிறது. இதனால், குளிர்ந்த நீரில் போதுமானதாக இருந்த அதே அளவு நுண்பாசி சூடான நீரில் போதாமல் போகும். அப்போது சிப்பி தன் சேமிப்பைக் கரைக்கத் தொடங்குகிறது.

அந்தச் சேமிப்பு முக்கியமாகக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் சதைக்கு இனிப்பும் கொழுமையும் தருவது இதுவே. இளவேனிலில் நீர் 10 பாகையைக் கடக்கும்போது கிளைக்கோஜன் கரைந்து முட்டைகளும் விந்தணுக்களும் உருவாகின்றன. கோடையில் 18 முதல் 20 பாகை அளவில் அவை நீரில் வெளியிடப்படுகின்றன. பெரிய பெண் சிப்பி ஒரே முறையில் 5 கோடி முட்டைகளுக்கு மேல் வெளியிடக்கூடும். அதன் பின் சதை நீர்த்து, சுவையற்றுப் போகிறது. ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வராத மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி உண்ணலாகாது என்ற ஐரோப்பியப் பழமொழிக்கு இதுவும் ஒரு காரணம்.

உணவின் பங்கு

பசிபிக் சிப்பி பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறக்கூடியது. உணவு வளம் உள்ள இடங்களில் வயதான சிப்பிகளுள் பெண்களே மிகுதி. நெருக்கடியிலும் உணவுக் குறைவிலும் பெண் மீண்டும் ஆணாகலாம். முட்டைக்கு ஆகும் செலவு விந்தணுவுக்கு ஆவதைவிடப் பெரிது என்பதை நினைத்தால் இது வியப்பில்லை.

உணவின் தரமும் முக்கியம். டயாட்டம் வகைப் பாசிகளையும் ஐசோகிரைசிஸ் போன்ற கசையிழைப் பாசிகளையும் கலந்து கொடுத்தால், முட்டைக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் சேர்கின்றன. குஞ்சு பொரிப்பகங்களில் தாய்ச் சிப்பிகளுக்கு இவ்வாறு உணவூட்டி, நீரையும் 20 பாகை அளவுக்குச் சூடாக்கி, குளிர்காலத்திலேயே சில வாரங்களில் முதிரச் செய்கிறார்கள்.

ஆனால் கடலில் உணவு மிகுவது எப்போதும் நன்மை என்று சொல்ல முடியாது. உணவு கூடினால் இனப்பெருக்க முயற்சியும் கூடுகிறது. பிரான்சில் நீர் 19 பாகையைத் தாண்டும் கோடைத் தொடக்கத்தில், முட்டை நிறைந்த சிப்பிகள் பெருமளவில் இறப்பதுண்டு. சேமிப்பு கரைந்த நிலையில் வெப்பமும் நோய்க்கிருமிகளும் சேர்ந்து தாக்குவதே காரணம். 1980களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட மும்மடியச் சிப்பிகள் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை. இவற்றில் இனவுறுப்பு சரியாக வளர்வதில்லை. கிளைக்கோஜன் பெரும்பாலும் தங்கிவிடுவதால் கோடையிலும் விற்க முடிகிறது.

நெதர்லாந்தில் நடந்தது

1962-63 கடுங்குளிரில் நெதர்லாந்தின் உள்நாட்டுச் சிப்பிகள் பெரும்பாலும் அழிந்தன. 1964இல் பசிபிக் சிப்பி கொண்டுவரப்பட்டது. அங்குள்ள குளிர்ந்த நீரில் அது வளரும், ஆனால் பெருகாது என்று கருதினார்கள். 1975, 1976ஆம் ஆண்டுகளின் கோடைகள் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தன. அப்போது ஊஸ்டர்ஸ்கெல்ட முகத்துவாரத்தில் இளஞ்சிப்பிகள் பெருந்தொகையாகப் படிந்தன. பண்ணைக்கு வெளியே பரவிய அவை இன்று அங்கும் வாடன் கடலிலும் பெரும் திட்டுகளாக நிற்கின்றன.