மூன்று நாளில் இலண்டன்

நம் மன்றத்து நண்பர்களில் ஆராய்ச்சித் துறையில் இருப்போர் சிலருக்கு ஆண்டுதோறும் கடல் கடந்து செல்லும் வாய்ப்புக் கிட்டுகிறது. மாநாடு, கோடைப் பயிற்சி, கட்டுரை வாசிப்பு என்று காரணம் எதுவாயினும், வந்த காரியம் முடிந்தபின் இரண்டு மூன்று நாள் ஓய்வு கிடைப்பதுண்டு. இங்கிலாந்துக்குச் செல்பவர் அந்த ஓய்வை இலண்டனில் கழிக்க விரும்புவது இயற்கையே. ஆனால் எப்படிக் கழிப்பது? பாலம், மணிக்கூண்டு, அரண்மனை வாயில் என மூன்று படங்களோடு திரும்பி வந்து, "இலண்டனைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்வோரை நாம் அறிவோம். உதவிச் சம்பளத்தில் நாளை ஓட்டும் நமக்கு இரண்டாம் முறை அங்கே செல்லும் வாய்ப்பு வருமா என்பது ஐயம். ஆகவே கிடைத்த மூன்று நாளை அளந்து செலவிட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி அல்லவா?

முதலில் ஒரு சிறு கணக்கு

ஒரு நாளில் நின்று நடந்து பார்க்கக்கூடிய நேரம் எட்டு மணி என்று கொள்வோம். மூன்று நாளைக்கு 24 மணி. இதில் மூன்றில் ஒரு பங்கு உணவிலும், ரயிலிலும், வரிசையில் நிற்பதிலும் கழியும். எஞ்சுவது 16 மணி. ஒரு பெரிய பொருட்காட்சிசாலையை ஓரளவு மனத்தில் பதியும்படி பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். ஆகவே மூன்று நாளில் ஐந்து பெரிய இடங்களுக்கு மேல் பார்க்க இயலாது. இருபது இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு புறப்படுபவர் கால் வலியைத்தான் கொண்டு வருவார். எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று துணிவதே திட்டமிடுதலின் முதற்படி.

அடுத்தது கதிரவன் கணக்கு. இலண்டன் வடக்கு அட்சம் 51½ பாகையில் உள்ளது. ஜூன் மாத இறுதியில் அங்கே பகல் ஏறக்குறைய பதினாறரை மணி நேரம்; டிசம்பர் இறுதியிலோ எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அப்போது நண்பகலிலும் கதிரவன் அடிவானத்திலிருந்து 15 பாகைக்கு மேல் எழுவதில்லை; மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறான். எனவே குளிர்காலத்தில் செல்வோர் திறந்தவெளி இடங்களைக் காலையிலும், கூரைக்குக் கீழ் உள்ளவற்றைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் இக்கவலை இல்லை. ஆனால் எக்காலத்திலும் மழைச் சட்டை உடனிருத்தல் நலம்.

புறப்படுமுன்

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இலண்டனுக்குச் செல்லாது. பிரிட்டனுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுத்தபின் முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். கோடையில் காலதாமதம் நேரலாம். மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. ஆதலின் விண்ணப்பத்தில் மாநாட்டு நாட்களை மட்டும் எழுதாமல், பின்வரும் மூன்று நாட்களையும் சேர்த்தே எழுதுங்கள். துறைத் தலைவரின் விடுப்புக் கடிதம், மாநாட்டு அழைப்பு, பாங்குக் கணக்கு விவரம், தங்குமிடம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே தேதிகள் இருக்க வேண்டும். திரும்பும் விமானச் சீட்டையும் அந்தத் தேதிக்கே எடுத்துவிட்டால் பின்னர் மாற்றும் செலவு மிச்சம்.

பயண நிதி மாநாட்டு நாட்களுக்கு மட்டுமே ஈடு கொடுக்கும். மீதி மூன்று இரவும் நம் கைப்பணம். இலண்டனில் பெருஞ்செலவு தங்குவதற்குத்தான். இளைஞர் விடுதிகளில் பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டில் எடுப்பது சிக்கனம். கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் சிலவற்றில் வெளியாருக்கும் அறை தருகிறார்கள். நகரை விட்டு வெகுதூரம் தள்ளித் தங்கினால் வாடகையில் மிஞ்சும் பணம் ரயிலிலும், மிஞ்சாத நேரம் வழியிலும் போய்விடும்.

உணவைப் பற்றி அஞ்ச வேண்டாம். மரக்கறி உணவு எங்கும் கிடைக்கிறது. ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகளில் நம்மவரும் ஈழத்தமிழரும் மிகுதியாக வாழ்கிறார்கள். இட்லியும் தோசையும் அங்கே உண்டு.

நகருக்குள் செல்ல

இலண்டன் பாதாள ரயில் 1863-இல் தொடங்கியது, உலகில் முதலாவது. விமான நிலையமான ஹீத்ரோவிலிருந்து நகருக்கு வர மூன்று ரயில்கள் உள்ளன. அவற்றுள் மலிவானது பிக்கடிலி வழித்தடம்; நகர நடுவை அடைய ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 2022-இல் திறக்கப்பட்ட எலிசபெத் வழித்தடம் விரைவானது. விலை கூடுதல். விரைவு ரயிலோ நம் பைக்கு ஒவ்வாதது.

சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆய்ஸ்டர் என்னும் அட்டையையோ பாங்கு அட்டையையோ வாயிலில் தொட்டால் போதும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட உச்சவரம்புக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். ஆனால் நாள் முழுதும் ஒரே அட்டையைத் தொட வேண்டும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். 2014 முதல் அங்கே ரொக்கம் வாங்குவதில்லை. நகரைப் பார்க்க விரும்புவோர்க்குப் பாதாள ரயிலினும் மாடிப் பஸ்ஸே உகந்தது. கட்டணமும் குறைவு.

நிற்க. எந்தக் கிழமையில் எதைப் பார்ப்பது என்பது முக்கியம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஞாயிறன்று வழிபாடு மட்டுமே. பார்வையாளருக்கு அனுமதி இல்லை. பாரடே காட்சியகம் வார நாட்களுக்கு உரியது. பிரிட்டிஷ் மியூசியம் மற்ற நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மூடினாலும் வெள்ளியன்று இரவு எட்டரை வரை திறந்திருக்கும். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வியாழன், வெள்ளி, சனி என்ற வரிசையே நமக்குச் சிறந்தது என்பது விளங்கும்.

வியாழன்: நடந்தே ஒரு நாள்

காலையில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம். கட்டணம் அதிகந்தான், ஆயினும் விஞ்ஞான மாணவன் ஒருமுறை கொடுக்கத் தகும். நியூட்டன் இங்கே அடக்கமாகியுள்ளார். அவர் அருகில் டார்வின். இருவர் கல்லறைக்கும் இடையில் 2018-இல் ஸ்டீபன் ஹாக்கிங்கின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டது. கெல்வின், ஜே. ஜே. தாம்சன், ரூதர்போர்டு ஆகியோரும் இங்குள்ளனர். டிராக்கின் நினைவுக் கல்லில் அவருடைய சமன்பாடே செதுக்கப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தின் பெயர்களெல்லாம் தரையில் வரிசையாகக் கிடப்பதைக் காண்பது விந்தையான அனுபவம். கட்டணம் தர இயலாதவர் மாலை வழிபாட்டுக்குச் செல்லலாம், அதற்குக் காசில்லை. ஆனால் அப்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

அங்கிருந்து டிரபால்கர் சதுக்கம் வழியாகப் பிக்கடிலிக்கு நடந்தால் பர்லிங்டன் ஹவுஸ் என்னும் பெரிய மாளிகை வரும். அதன் முற்றத்தில் நுழையக் கட்டணமில்லை. வழிகாட்டி நூல்கள் இங்குள்ள ஓவியக் கண்காட்சியைச் சொல்லும். நாமோ வேறு காரணத்துக்காக நிற்க வேண்டும். 1858 ஜூலை 1 அன்று டார்வின், வாலஸ் இருவரின் கருத்துக்களும் இம்மாளிகையில் கூடிய லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டன. இராயல் சொசைட்டியும் 1967 வரை இங்கேதான் இருந்தது. 1918-இல் நம் இராமானுஜனை உறுப்பினராக ஏற்ற சங்கம் அதுவே.

இராயல் வானவியல் சங்கம் இன்றும் இங்குள்ளது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கப்பலேறிய சந்திரசேகர், 1935 ஜனவரி 11 அன்று இச்சங்கத்தில் தம் முடிவை எடுத்துரைத்தார். கதிரவனின் பொருண்மையைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட வெண்குறு விண்மீன் நிலைத்திருக்க இயலாது என்பது அம்முடிவு. அப்போது அவருக்கு வயது 24. அடுத்துப் பேசிய எடிங்டன், உலகப் புகழ் பெற்றவர், அதைப் பொருளற்றது என்று எள்ளி நகையாடினார். அவையும் நகைத்தது. பின்னாளில் அம்முடிவே நிலைத்தது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. நம்மை ஒத்த வயதினன் ஒருவன் தன் கணக்கை மட்டும் துணையாகக் கொண்டு நின்ற இடம் இது. இம்முற்றத்தில் பத்து நிமிடம் நிற்பது வீண் போகாது.

சில நிமிட நடையில் ஆல்பமார்ல் தெரு. அங்கே 1799-இல் நிறுவப்பட்ட இராயல் இன்ஸ்டிடியூஷன் உள்ளது. புத்தகம் கட்டும் தொழில் பயின்ற ஏழை இளைஞன் மைக்கேல் பாரடே, 1812-இல் இங்கே டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டான். குறிப்பெடுத்து, கட்டி, அவருக்கே அனுப்பினான். அடுத்த ஆண்டு உதவியாளனாகச் சேர்ந்தான். 1831 ஆகஸ்டு 29 அன்று அவர் மின் தூண்டலைக் கண்ட இரும்பு வளையம் இங்குள்ள காட்சியகத்தில் இருக்கிறது.  கம்பி சுற்றிய அந்த வளையத்திலிருந்துதான் நம் ஊரின் மின்மாற்றிகள் எல்லாம் பிறந்தன. நுழைவு இலவசம்.

மாலையில் சோஹோ பகுதியின் பிராட்விக் தெரு. அங்கே நடைபாதையில் ஒரு தண்ணீர்ப் பம்பு நிற்கிறது; பழையதன் மாதிரி. 1854-இல் இப்பகுதியில் காலரா கண்டு 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைக் கணக்கெடுத்து, பெரும்பாலோர் ஒரே பம்பின் நீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் காற்றால் பரவுகிறது என்று நம்பிய காலம் அது; கிருமியைக் காணாமலே, எண்ணிக்கையைக் கொண்டு உண்மையை அணுகினார் ஸ்னோ.

வெள்ளி: கிரீனிச்சும் மியூசியமும்

காலையில் கிரீனிச். தேம்ஸ் நதியில் படகிலும் செல்லலாம். இலகு ரயிலிலும் செல்லலாம். குன்றின்மேல் 1675-இல் நிறுவப்பட்ட வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு, இங்குள்ள ஏரியின் தொலைநோக்கி வழியே செல்லும் கோட்டை உலகத்தின் சுழிக்கோடாகத் தேர்ந்தது. அதிலிருந்து கிழக்கே 82½ பாகைக்கு நேரம் கணக்கிட்டால் ஐந்தரை மணி. அதுவே நம் இந்திய நேரம். 1906-இல் அது ஏற்படும் முன் நம் நாட்டு ரயில்கள் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தைப் பின்பற்றி ஓடின என்பதை இங்கே நினைவுகூரலாம்.

கோட்டின்மேல் காலை அகட்டி நின்று படம் எடுப்போர் பலர். உங்கள் கைப்பேசியை எடுத்து ஜி.பி.எஸ். காட்டும் பாகையைப் பாருங்கள்; சுழி வராது. உண்மையான சுழி கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளி, பூங்காவுக்குள் இருக்கும். காரணம் பிழையன்று. ஏரி தம் கருவியை அவ்விடத்து ஈர்ப்பின் செங்குத்தைக் கொண்டு நிறுத்தினார். நிலத்தின் அமைப்பால் அச்செங்குத்துச் சிறிதே சாய்கிறது. செயற்கைக் கோள்களோ பூமியின் பொருண்மை மையத்தைக் கொண்டு அளக்கின்றன. படம் எடுத்தபின் இதையும் சோதித்துப் பாருங்கள்.

கடலில் கிழக்கு மேற்குப் பாகை அறிய வழி கண்டவர்க்கு 20,000 பவுன் வரை பரிசு என்று 1714-இல் சட்டம் இயற்றினார்கள். ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் செய்த கடிகாரங்கள் அதற்கு விடையாயின. அவை கிரீனிச்சின் பெருஞ்செல்வம். கூரையின் மேலுள்ள சிவப்புப் பந்து 1833 முதல் பிற்பகல் சரியாக ஒரு மணிக்கு விழுந்து கப்பல்களுக்கு நேரம் காட்டியது. காற்று பலமாக இருந்தாலோ பழுது பார்க்கும் வேலை நடந்தாலோ நிறுத்திவைப்பார்கள். எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதை முதல் நாளே இணையத்தில் பார்த்துக்கொள்க.

மாலையில் பிரிட்டிஷ் மியூசியம். இலவசம். 1753-இல் நிறுவப்பட்டது. அறைகள் பல, நாம் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரோசட்டாக் கல், அசிரியச் சிற்பங்கள், இந்தியப் பகுதி. கடைசியானதில் அமராவதிச் சிற்பங்கள் உள்ளன. 1845-இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவற்றில் பல, 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. அமராவதியின் மற்றொரு பகுதி சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. கோபமும் வியப்பும் ஒருங்கே எழுவது இயல்பு. இலண்டன் செல்லுமுன் எழும்பூரில் உள்ளதைப் பார்த்திருந்தால், இங்கே நிற்கும்போது எது எங்கே பிரிந்தது என்பது தெளிவாகத் தெரியும். பார்க்காதவர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது முதலில் அதைப் பார்க்கட்டும்.

சனி: தென் கென்சிங்டன்

1851-ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சியின் இலாபத்தால் வாங்கிய நிலத்தில் மூன்று பெரிய காட்சிசாலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றிலும் பொது நுழைவு இலவசம். சனிக்கிழமை கூட்டம் மிகும். ஆதலால் கதவு திறக்கும்போதே நில்லுங்கள். இலவசச் சீட்டை முன்னரே இணையத்தில் பதிவு செய்தால் வரிசை குறையும்.

விஞ்ஞானக் காட்சிசாலையில் நான் சொல்லக்கூடியவை நான்கு: இன்றும் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய ரயில் எஞ்சினான பபிங் பில்லி, சார்லஸ் பாபேஜ் வரைந்து வைத்து அவர் காலத்தில் முடியாமற்போய், 1991-இல் அவர் வரைபடத்தைக் கொண்டே செய்யப்பட்ட கணக்கு இயந்திரம், வாட்சன், கிரிக் இருவரின் 1953-ஆம் ஆண்டு டி.என்.ஏ. மாதிரியின் மூலத் தகடுகள். 1969-இல் நிலவைச் சுற்றி வந்த அப்பல்லோ 10 கலம். இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் 25 மீட்டர் நீளமுள்ள நீலத் திமிங்கில எலும்புக்கூட்டைக் கண்டு, உயிரியல் மாணவர் மேலே செல்லலாம். மற்றோர் எதிரிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் திப்புவின் மரப்புலியைக் காணட்டும்.

இவற்றின் ஓரமாய்ச் செல்வது குராம்வெல் சாலை. 1914 ஏப்ரலில் வந்திறங்கிய இராமானுஜன், கேம்பிரிட்ஜ் செல்லுமுன் இச்சாலையில் இருந்த இந்திய மாணவர் வரவேற்பு இல்லத்தில்தான் தங்கினார். குளிரும் உணவும் பிடிபடாத சென்னை இளைஞன் நடந்த வீதி என்று எண்ணினால் நம் காலணிக்கும் சற்று மரியாதை பிறக்கும்.

இத்திட்டத்தில் அரண்மனை இல்லை. சக்கர ஊஞ்சல் இல்லை. கடை வீதி இல்லை. விரும்புவோர் பஸ்ஸின் மேல்மாடியிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். வரலாறு, இலக்கியம் பயிலும் நண்பர்கள் இடங்களை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு மட்டும் மாறாது. மூன்று நாள், பதினாறு மணி, ஐந்து பெரிய இடம். சென்று வருவோர் தம் திட்டத்தையும் உண்மைச் செலவையும் ஒரு தாளில் எழுதி மன்ற நூலகத்தில் வைத்தால், அடுத்த ஆண்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும் நண்பருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறிராது.