கயிறு அறுந்த கன்று

1882-ஆம் ஆண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற ஊர். வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். உயிரியலாளர் இலியா மெச்னிகாவ் மட்டும் நுண்ணோக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் இளம் குஞ்சுக்கு உடல் ஊடுருவித் தெரியும். தோட்டத்திலிருந்து சில முட்களை எடுத்துவந்து அதன் உடலில் செருகி வைத்தார். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், நகரும் செல்கள் கூட்டமாக வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன!

நம் உடம்பிலும் அப்படி, அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் செல்கள் உண்டு. அவற்றுள் பெரியவை மேக்ரோபேஜ்கள். மண்ணீரலில் இருப்பவை தினமும் வயதான சிவப்பணுக்களைச் சத்தமில்லாமல் விழுங்குகின்றன. அதே வகைச் செல், ஒரு பாக்டீரியாவைத் தொட்டதும் ஊரையே கூட்டிவிடுகிறது. கண்ணில்லாத செல்லுக்கு வித்தியாசம் எப்படித் தெரிகிறது?

பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எல்.பி.எஸ். என்ற பொருள் இருக்கிறது. நம் செல்கள் எதிலும் அது கிடையாது. மேக்ரோபேஜின் மேற்பரப்பில் இருக்கும் டி.எல்.ஆர்.4 என்ற புரதம் அதைக் கண்டுகொள்கிறது. இது தெரியவந்தது ஒருவகை எலிகளால். எல்.பி.எஸ். ஊசி போட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பலசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சால்மோனெல்லா கிருமி உண்மையாகவே தொற்றினால் அவைதான் எளிதில் செத்துப்போகும். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: டி.எல்.ஆர்.4 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. எதிரி வந்த செய்தியே அந்த எலிகளின் செல்லுக்குள் போகவில்லை. 2011-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் பாய்ட்லரும் ஒருவர்.

செய்தி உள்ளே எப்படிப் போகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். செல்லுக்குள் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம், கட்டிப்போட்ட கன்றுபோல எப்போதும் தயாராக நிற்கிறது. ஐ.கப்பா-பி என்ற இன்னொரு புரதம்தான் கயிறு. வெளியே டி.எல்.ஆர்.4-இல் எல்.பி.எஸ். ஒட்டியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் ஒரு நொதி கயிற்றின்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. இது அழிக்கவேண்டிய கயிறு என்பதற்கு அந்தப் பாஸ்பேட்டே அடையாளம். சில நிமிடங்களில் கயிறு சிதைய, கன்று நேராக உட்கருவுக்குள் ஓடி மரபணுக்களை இயக்குகிறது. டி.என்.எஃப். போன்ற அழைப்புப் புரதங்கள் வெளியேறுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, புண் சிவந்து வீங்கிச் சுடுகிறது. சில புரதங்களின் செய்தி மூளைவரை எட்டினால் காய்ச்சலும் வரும்.

இந்தத் தூண்டலைத் தடுப்பூசிகளுக்கும் பயன்படுத்தலாம்; ஆனால் எல்.பி.எஸ். அளவு மீறினால் ஆபத்து. அதனால் விஞ்ஞானிகள் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, நச்சு வெகுவாகக் குறைந்த எம்.பி.எல். என்ற பொருளை உருவாக்கினார்கள். டி.எல்.ஆர்.4-ஐ இதுவும் தட்டி எழுப்பும், ஆனால் மென்மையாக. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடும் ஆர்.டி.எஸ்.,எஸ். மலேரியா தடுப்பூசியில் இது சேர்க்கப்படுகிறது.

சரி, ஓடிய கன்றை யார் பிடிப்பது? அது இயக்கும் மரபணுக்களில் ஒன்று ஐ.கப்பா-பி-யின் மரபணு! ஒரு மணி நேரத்துக்குள் புதிய கயிறு தயாராகி, உட்கருவுக்குள்ளேயே போய் என்.எஃப்.கப்பா-பி-யைக் கட்டி வெளியே இழுத்து வந்துவிடுகிறது.